பள்ளிக்கூடத்தில் எதுக்கு இந்தப் பேச்சு?

"பிள்ளைகள்கிட்ட சாதியைப் பத்திப் பேசாதீங்க, பேசப் பேசத்தான் அது வளரும்." தென்காசி வட்டாரத்தில் சமூக அறிவியல் நடத்திய எவரும் இந்த அறிவுரைக்குத் தப்பியிருக்க முடியாது. தலைமையாசிரியர் அறையில் சொல்வார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சட்டை மடிப்புக் கலையாமல் எழுந்து நின்று ஒருவர் சொல்வார். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து நாலு நாள் தங்கிப்போகும் படித்த நண்பர்கள், ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மிளகாய் பஜ்ஜிக்கு நடுவே சொல்வார்கள். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும்.

இந்த அறிவுரைக்கு அண்மைக் காலத்தில் ஒரு வால் முளைத்திருக்கிறது. ஓட்டுரிமை பற்றி நடத்துங்கள், தாராளமாக நடத்துங்கள், ஆனால் அதற்குள் சாதியை இழுக்காதீர்கள் என்பது அந்த வால். ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 2011 முதல் கொண்டாடுகிறோம். கோலப்போட்டி, வாசகப் போட்டி, பதாகை பிடித்து ஊர்வலம், எல்லாம் உண்டு. மதம், இனம், சாதி, மொழி எதையும் பார்க்காமல் வாக்களிப்போம் என்று பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த உறுதிமொழியில் சாதி என்று வருகிறதே, அது எப்படி ஓட்டுக்குள் வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் மட்டும் உட்காரச் சொல்லிவிட வேண்டும்.

சாதியைத் தொடாமல் ஓட்டுரிமையின் வரலாற்றை நடத்த முடியாது என்பதே என் கட்சி. இந்த மண்ணில் யாருக்கு ஓட்டு இல்லாமல் இருந்தது, எப்படி வந்தது, வந்த பிறகும் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், மிச்சம் இருப்பது விரலில் மை வைக்கும் சடங்கு மட்டும்தான்.

முதலில், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையைப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் ஒரு பெட்டிக்கடை வாசலில் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போய் நின்றார்கள். உங்கள் தெருக்காரர்களுக்கு இனி ஒன்றும் கொடுக்க மாட்டோம், ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். அதைக் கடைக்காரர் தரப்பினரே வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள். நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவை எடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அபூர்வமாகவே கையில் எடுக்கப்படும் பிரிவு அது. அந்தப் பிள்ளைகளுக்குச் சாதியைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பாடப்புத்தகம்? எந்த ஆசிரியர்? மிட்டாய்க் கடையிலேயே பாடம் முடிந்துவிட்டது. அதற்கு மறுநாள் வகுப்பறையில் அதைப் பற்றி வாய் திறக்காத ஆசிரியர், அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு நடுநிலையாளராகத் தெரிந்திருப்பாரா, கடைக்காரரின் ஆளாகத் தெரிந்திருப்பாரா?

மிட்டாய் மறுக்கப்பட்ட பிள்ளைக்குத் தெரிந்தது, மறுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அது இன்னும் மோசமான பாடம்.

கையில் கட்டும் கயிற்றின் கதையும் இதுதான். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று வண்ணம் வைத்து இன்னார் இன்ன சாதி என்று மாணவர்கள் அடையாளம் காட்டிக்கொள்கிறார்கள், விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதும் இடைவேளையில் கூடி நிற்பதும்கூட அதன்படி நடக்கிறது என்று ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரிகள் சொன்னதன் பேரில், 2019-இல் பள்ளிக் கல்வித்துறை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்புக் கிளம்பியது. அன்றைய அமைச்சர் செங்கோட்டையன், பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லி அதைக் கிடப்பில் போட்டார். கயிறு தொடர்ந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லா மாணவருக்கும் சாதிப் பாகுபாடு பற்றியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதைப் பற்றி யாராவது விவாதித்தார்களா? இல்லை. நெற்றியில் திருநீறு பூசலாமா, கூடாதா என்பதிலேயே தொலைக்காட்சிகளுக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது.

"குற்றாலத்தில் பாருங்கள், யாராவது சாதி பார்க்கிறார்களா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். பேரருவிக்குக் கீழே வழுக்கைத் தலையும் குடுமியும் ஒன்றாக நிற்கின்றன, ஒரே தண்ணீர் எல்லார் தலையிலும் விழுகிறது என்றார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். மதுரைக்காரரும் கொல்லத்துக்காரரும் பெயர்கூடக் கேட்காமல் இடித்துக்கொண்டு குளித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே மனிதர் பஸ் ஏறி ஊருக்குப் போய் இறங்கியதும் எந்தத் தெருவில் நடக்கிறார், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறார் என்பது வேறு கணக்கு. அருவி ஓரத்தில் கிடைக்கும் சமத்துவம் சுற்றுலாப் பயணிக்கு. ஓட்டு போடுவது சொந்த ஊரில், பெயரும் தெருவும் அப்பன் பெயரும் தெரிந்தவர்கள் வரிசையில் நின்று.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. "எல்லாருக்கும்தான் ஓட்டு இருக்கே, இனி என்ன உரிமை பாக்கி?" இதற்குப் பதில் சொல்லத் தென்காசியைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. பக்கத்து ஊரான செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். இரண்டுக்கும் நடுவே எல்லை. 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார்; அரசின் பொறுப்பில் இருந்த கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் சட்டம் வர 1939 ஆனது, அது முழுமையாக 1947 ஆனது. ஆக, சில ஆண்டுகள், எல்லைக்கு அந்தப்புறம் சட்டப்படி கோயிலுக்குள் போகக்கூடிய ஒருவருக்கு இந்தப்புறம் அந்தச் சட்டம் துணைக்கு வராது. அதே மனிதன், அதே சாமி.

ஓட்டிலும் இதே கூத்துதான். சென்னை மாகாணத்தில் 1920-லிருந்து தேர்தல் நடந்தது, ஆனால் நிலமோ வரியோ இருந்தவருக்குத்தான் ஓட்டு. 1935 சட்டம் வந்த பிறகு எழுதப் படிக்கத் தெரிந்தவரும் உள்ளே வந்தார்கள். கூலிக்கு நாற்று நட்டவருக்கு எதுவும் இல்லை. ஆனால் திருவிதாங்கூரில் 1948 பிப்ரவரியிலேயே வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்துத் தேர்தல் நடத்திவிட்டார்கள். இந்தியாவிலேயே முன்னோடியாக நடந்த தேர்தல் அது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதில் போட்டியிட்டுத் தமிழ்ப் பகுதிகளில் வென்றது. செங்கோட்டைக் கூலிக்காரர் அன்றே ஓட்டுப் போட்டார். தென்காசிக் கூலிக்காரர் அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆவது பிரிவு வரும்வரை, 1952 தேர்தல்வரை காத்திருந்தார். ஒரு கோட்டைக் கடந்தால் குடிமகன், கடக்காவிட்டால் வெறும் கூலி. இந்தப் பகுதிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 61-ஆவது திருத்தம் 1989-இல் வயதை 21-லிருந்து 18 ஆக்கியது என்று கேள்வித்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். தாத்தாவின் அப்பாவுக்கு ஓட்டு இருந்ததா என்று கேட்டால் விழிப்பார்கள். வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அதுதான் வரலாற்றுப் பாடம்.

இப்போது தனித்தொகுதிக்கு வருவோம். தென்காசி மக்களவைத் தொகுதி பல பத்தாண்டுகளாகத் தனித்தொகுதி. மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித்தொகுதிகள். தேர்தல் வந்தால் டீக்கடைகளில் ஒரே புலம்பல்: "நம்ம ஊர்ல நம்மாளு நிக்க முடியலயே, எத்தனை வருசத்துக்கு இப்படி?" பதினைந்து வயசுப் பையன் பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டு இதைக் கேட்கிறான். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் இதற்கு விளக்கம் சொல்ல ஆள் இல்லை. தனித்தொகுதி என்றால் அந்தச் சாதியார் மட்டும் ஓட்டுப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிளஸ் டூ மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். வேட்பாளர் மட்டுமே பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும், ஓட்டு எல்லாருக்கும் உண்டு, வெற்றியை முடிவு செய்வதில் மற்ற சாதியாரின் ஓட்டே பெரும்பகுதி என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல 1932-க்குப் போயாக வேண்டும். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கேட்டது வேறு: தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி. பிரிட்டிஷ் பிரதமர் அதைத் தந்தார். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் தொகுதி போயிற்று. பதிலாக ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆயின, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. முதல்கட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைப் பொதுவாக்காளர்கள் எல்லாரும் சேர்ந்து தேர்வார்கள் என்று ஓர் ஏற்பாடும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த முதல்கட்டம் மறைந்து, பொதுவாக்காளர்களின் ஓட்டு மட்டும் நின்றது. இதனால் தனித்தொகுதி உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? தன் மக்களுக்கா, ஓட்டு அதிகம் போட்ட மற்றவர்களுக்கா? அம்பேத்கரைக் கடைசிவரை உறுத்திய கேள்வி இது. தென்காசித் தொகுதிப் பிள்ளைக்கு இது ஏதோ பழைய வரலாறு இல்லை; தன் எம்.பி. யார், ஏன் என்ற கேள்வி. இதைச் சொல்லாமல் மறைத்தால் அவன் டீக்கடையில்தான் படிப்பான்.

ஓட்டு இருந்தும் உரிமை இல்லாமல் போன கதைகளுக்கும் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1996-இல் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டோடு ஊராட்சித் தேர்தல் வந்த பிறகு மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்தாண்டுகள் தலைவர் இல்லை. யாரையும் நிற்க விடவில்லை, நின்றவர்கள் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்தார்கள். 2006 அக்டோபரில்தான் அந்தக் கட்டு உடைந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூனில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். இவை பத்திரிகைகளில் பேசப்பட்டவை. நம் பக்கத்துக் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. சங்கரன்கோவில் பக்கம் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சிக்கு 2006 தேர்தலில் ஜக்கையன் என்ற அருந்ததியர் தலைவரானார். நவம்பரில் அவரைக் கொன்றுவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் தலைவராக இருக்க அவர் இணங்கவில்லை என்று அன்றைய செய்திகள் கூறின. திருநெல்வேலியை ஒட்டிய தாழையூத்தில் தலைவர் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் ஆட்டோவில் வீடு திரும்பும்போது வெட்டினார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. புறம்போக்கு நிலத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டப் போனார், அவ்வளவுதான்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். சுதந்திர தினத்தன்று பட்டியல் சாதித் தலைவர்கள் தங்கள் ஊராட்சியில் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நாடு விடுதலையாகி எழுபத்தைந்து வருசம் கழித்து, மக்கள் ஓட்டுப் போட்டு வென்ற தலைவர் கொடிக்கயிற்றைப் பிடிக்க அரசாங்கம் கடிதம் போட வேண்டியிருக்கிறது. "எல்லாருக்கும்தான் ஓட்டு இருக்கே" என்கிற நண்பர் அந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.

இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பேச்சு என்று ஒரு புதுக் குரலும் கேட்கிறது. அமெரிக்கக் கதையைத் தாராளமாக நடத்தலாம், ஆனால் முழுசாக நடத்த வேண்டும். அன்று தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுப் பதிய எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டியிருந்தது. பதிவு அதிகாரி மனம் வைத்தால்தான் தேற முடிந்தது. இதற்கு எதிராகத் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957-இல் ஒரு பள்ளி தொடங்கியது. முன்னால் பலசரக்குக் கடை, பின் அறையில் வகுப்பு. வெள்ளைக்காரர் கண்ணில் படக் கூடாது என்று அப்படி ஏற்பாடு. முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், தலைமுடி அலங்காரத் தொழில் செய்தவர். ஏசாவ் ஜென்கின்ஸ் என்பவர் தன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓட்டிக்கொண்டே அரசமைப்புச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர். செப்டிமா கிளார்க் அந்தப் பள்ளிகளைத் தெற்கு முழுக்கக் கொண்டுபோனார். 1965-இல் செல்மா பாலத்தில் அடிபட்டு, ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வருவதற்குப் பின்னால் இந்தப் பின்னறை வகுப்புகளும் உண்டு. இப்போது அதே நாட்டில், இனத்தின் பேரில் பிள்ளைகள் மன உளைச்சல் கொள்ள வேண்டும் என்று பாடம் நடத்தக் கூடாது என ஃபுளோரிடா 2022-இல் சட்டம் போட்டிருக்கிறது. இறக்குமதி என்று சொல்வதானால், பேசாதே என்கிற வாதமும் அங்கே விற்கிற சரக்குதான்.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் அரசமைப்பு எழுத்தறிவுச் சோதனை எதுவும் வைக்காமல் ஒரே நாளில் எல்லாருக்கும் ஓட்டுக் கொடுத்தது. 1928-இலேயே சைமன் குழுவின் முன் அம்பேத்கர் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு கேட்டார்; படிப்பு இல்லாதவனுக்கு ஓட்டு எதற்கு என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அதனால் இங்கே தடை ஓட்டுச்சாவடி வாசலில் இல்லை. ஓட்டுப் போட்டு முடித்து ஊருக்குள் திரும்பி நடக்கும்போது இருக்கிறது. அமெரிக்கப் பாடத்தை அப்படியே எடுத்துப் போட்டால் இது தப்பிவிடும்.

பேசினால் மற்ற சாதிப் பிள்ளைகளுக்குக் குற்றவுணர்ச்சி வரும் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். இந்த வட்டாரத்தின் வரலாறு தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். கழுகுமலையில் 1895-இலும் சிவகாசியில் 1899-இலும் கலவரம் எதற்கு நடந்தது? நாடார்கள் ஊர்வலம் போகவும் கோயிலுக்குள் நுழையவும் கேட்ட உரிமைக்காக. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகப் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இன்று அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கதையே தெரியாது. நிலமும் வரியும் கேட்ட அந்தப் பழைய வாக்காளர் பட்டியலில், இன்று தங்களை ஆண்ட பரம்பரை என்று ஃப்ளெக்ஸ் வைக்கும் எத்தனையோ குடும்பங்களின் பெயர் இருந்திருக்காது. வரலாற்றை ஒழுங்காகத் திறந்தால் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு வாசலுக்கு வெளியே நிற்பார். யாரைக் குற்றவாளியாக்குகிறோம் என்று அப்போது பார்ப்போம்.

ஆசிரியரின் பயம் மட்டும் உண்மையான பயம். ஆசிரியருக்கும் சாதி உண்டு, ஊருக்கு அது தெரியும். ஒரு வார்த்தை தவறினால் மறுநாள் பள்ளி வாசலில் கூட்டம் நிற்கும். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கெட்ட பாடத்தால் கேடும் வரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். "நீ எந்தத் தெரு, எழுந்து நில்லு" என்று தொடங்குகிற பாடம், பேசாமல் இருப்பதைவிட மோசம். அதனால் நான் கண்ட வழி: பிள்ளையின் சாதியைக் கேட்காதே, சட்டத்தையும் நடந்த சம்பவத்தையும் கொண்டுவா. பாஞ்சாகுளத்தைப் பேசுவதானால் 10-ஆவது பிரிவு என்ன சொல்கிறது, நீதிமன்றம் ஏன் அதை எடுத்தது என்று தொடங்கலாம். அதற்கு எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். "சார், எங்க தெருவுக்கு மட்டும் ஜீப்ப விட்டு எறங்காமலே கும்பிட்டுட்டுப் போயிருதாவ. மேலத்தெருவுல வீடு வீடா ஏறி எறங்குதாவ. ஓட்டு ஒண்ணுதானே சார்?" வகுப்பு கப்சிப். முன் பெஞ்சில் மேலத்தெருப் பையன் ஒருவன், சண்டைக்கு இல்லை, ஒரு தகவலாகச் சொன்னான்: "எங்க வீட்டுல காப்பி குடிச்சாவ சார்." இரண்டு பேரும் சொன்னது உண்மை. நான் கரும்பலகையில் இரண்டையும் எழுதினேன், சாதிப் பெயர் எதுவும் எழுதவில்லை. இருவரின் ஓட்டுக்கும் மதிப்பு ஒன்று என்றால் ஜீப் ஏன் ஓரிடத்தில் நிற்கிறது, ஓரிடத்தில் நிற்கவில்லை என்று கேட்டேன். அந்த மணி முழுக்க அவர்கள்தான் பேசினார்கள். ஒரு பிள்ளை, வேட்பாளர் எறங்கினா அவர் சாதிக்காரவ கோபப்படுவாவ என்றது. இன்னொன்று, எறங்கலேன்னா எங்க தெரு ஓட்டு போவும்லா என்றது. முன் பெஞ்சுக்காரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்போ ரெண்டு தெருவும் சேந்து ஒரு எடத்துல நின்னு கேக்கச் சொல்லலாம்லா சார் என்றான். இதில் எங்கே சாதி வளர்ந்தது?

பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தீண்டாமை பாவம், குற்றம் என்று அச்சடித்திருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அது பல தலைமுறையாக அங்கே இருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் பெயரெழுதி, அட்டை போட்டு, மீசை வரைந்து தாண்டிப் போய்விடுகிறார்கள். சாதி கூடாது என்பதைச் சொல்வது சுலபம். 1948-இல் செங்கோட்டைக்கு வந்த ஓட்டு தென்காசிக்கு ஏன் வரவில்லை, ஜக்கையனை ஏன் கொன்றார்கள் என்று சொல்லத்தான் ஆசிரியர் படிக்க வேண்டும்; அதற்குப் பயிற்சியும் துறையின் பாதுகாப்பும் வேண்டும். உறுதிமொழி அட்டை அச்சடிப்பதைவிட அதற்குச் செலவு அதிகம், அவ்வளவுதான் சிக்கல்.

மாவட்டம் பிரிந்த பிறகு தென்காசியின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. அன்று வென்றவர்களின் ஐந்தாண்டு முடிந்து அடுத்த தேர்தல் வரும்போது, எந்த ஊராட்சி யாருக்கு ஒதுக்கீடு என்ற பட்டியல் வரும். வந்த நாளிலிருந்து டீக்கடையில் பேச்சு தொடங்கிவிடும்: நம்ம ஊரை ஏன் போட்டான், எவன் வேலை இது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கு எந்த ஊராட்சியில் எவ்வளவு என்ற கணக்கை வைத்து, சுழற்சி முறையில் போடுகிற பட்டியல் அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்கள் இருக்கின்றன. பள்ளிக் கணக்குப் பாடத்தில் விகிதமும் சதவீதமும் இருக்கின்றன. தங்கள் ஒன்றியத்து ஊராட்சிகளின் எண்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த ஊர் ஒதுக்கீட்டுக்கு வரும் என்று பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம். அந்தக் கணக்கைப் போட்ட பையன் சாயங்காலம் டீக்கடைக்குப் போகும்போது அங்கே பேசுகிறவர்களைத் திருத்துவான். ஆசிரியரோடு சண்டைக்கு வருகிறவர்கள் அவனோடும் சண்டைக்கு வரட்டும். சதவீதம் போட்டுக் காட்டச் சொல்வான்.